விரலளவு இடம்

துப்பறிவாளரின் அறை மாடியில் இருந்தது. அந்த அம்மாளைக் கைபிடித்துப் படியேற்றிவிட்ட மகன், உள்ளே வராமல் கீழே இறங்கிவிட்டான். அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மேசையைத் தடவி ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்தார்.

“ஃபாக்டரில பாய்லர் வெடிச்சு ஒரு ஆள் செத்துட்டான். தன் தப்புதான்னு என் வீட்டுக்காரர் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துட்டு ஜெயில்ல இருக்கார். பொய் சார்! வெடிச்சப்ப அவர் எங்கூட வீட்ல சாப்பிட்டுட்டு இருந்தார். சொன்னா, பொண்டாட்டி பேச்சை யார் நம்புவாங்கறாங்க.”

“முதலாளியே எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பான்!” என்று துள்ளினாள் உதவியாளப் பெண். முதலாளி என்றாலே அவளுக்குக் கை பரபரக்கும்.

துப்பறிவாளர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவர் இங்கிலீஷ் எழுதறதுல ஏதாவது பழக்கம் உண்டாம்மா?”

அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். “வினைச்சொல்லெல்லாம் அத்துப்படி. பின்னால வர்ற குட்டிச் சொல்தான் உதைக்கும். ‘அப்பாலஜைஸ்’னு எழுதி, ஒரு விரல் இடம் விட்டுடுவார். ‘ஃபாரா’, ‘அபௌட்டா’ன்னு டிக்‌ஷனரி பார்த்து நான் நிரப்பணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே கூத்துதான். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு பொத்தி வெச்சிருந்தோம்.”

“இதுலயும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்குப் பின்னாலயும் அந்த இடம் இருக்கு. எழுதினது அவரேதான். ஆனா அந்த இடத்துல நிரப்பியிருக்கற குட்டிச் சொல் எல்லாம் வேற கையெழுத்து. நீங்களா?”

“எனக்குத்தான் கண்ணு போச்சே. இப்பல்லாம் பையன்தான்...”

அம்மாள் நிறுத்தினார்.

“பையனுக்கு எங்கம்மா வேலை?”

“அவரோட அதே பாய்லர்ல. ஒரே ஷிப்ட். ஆனா இந்தக் கடுதாசியே போலீஸ் வந்தப்புறம்தான் தெரியும்னானே சார்!”

“அப்பா சாப்பிட வந்துட்டார்னா பாய்லர்கிட்ட நின்னது யாரு? செய்யாத தப்பை ஒரு அப்பா யாருக்காக ஏத்துப்பார்?”

தன் மூளையைத் துப்பறிவாளர் அன்றைக்குப்போல் என்றுமே வெறுத்ததில்லை. அம்மாள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“பெரியவரை வெளிய கொண்டு வந்துடலாமே சார்?” என்றாள் உதவியாளப் பெண்.

“வரலாம். அதே கதவு வழியா இன்னொருத்தர் உள்ள போகணும்.”

அம்மாள் மேசையைப் பற்றி எழுந்தார். பிறகு கையை நீட்டினார். “அந்தத் தாளைக் குடுங்க சார்.”

உதவியாளப் பெண் அம்மாளைக் கைபிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே மகனின் ஸ்கூட்டர் நின்றது. “என்னம்மா சொன்னார்?” என்று மகன் கேட்பது மேலே கேட்டது.

“அப்பாதான் எழுதினாராம்டா. வேற யாரும் இல்லையாம்.”

அம்மாள் பின்னால் ஏறி, எப்போதும்போல மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை.