அம்மாவுக்கு எது தோதுப்படும்?

அனுசுயாவின் அம்மா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கட்டிலருகே வைத்த செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

“எம்மா, தண்ணி குடிக்கலையா?”

“தாகமே இல்லட்டி” என்றாள் அம்மா முத்துப்பேச்சி. ஆனால் அவள் உதடுகள் காய்ந்துபோயிருந்தன.

முத்துப்பேச்சி வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். மழையில் வண்டி வழுக்கி, கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. முழங்கால் வரை மாவுக்கட்டு. “இந்தக் காலைக் கீழயே ஊனக் கூடாதுங்க. பிடிச்சு நடக்கத் தோதா ஏதாச்சும் வாங்கிக்குங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டு அந்தோணிராஜ் மாமா, கக்கத்தில் வைத்து ஊன்றும் தன் பழைய கட்டைகளைக் கொடுத்தார். மாமா பனைமர உயரம். அம்மாவோ அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். கட்டைகளை ஊன்றியதும் அம்மாவின் தோள்கள் காதுவரை ஏறிக்கொண்டன. முந்தின நாள் பாத்ரூமுக்குப் போகும்போது ஒரு கட்டை சறுக்கிவிட்டது. அனுசுயா ஓடிப்போய்ப் பிடித்திராவிட்டால் இன்னொரு காலும் முறிந்திருக்கும்.

சட்டென்று அனுசுயாவுக்குப் புரிந்தது. தண்ணீர் குடித்தால் பாத்ரூமுக்குப் போக வேண்டுமே! அதற்குப் பயந்துதான் அம்மா குடிக்கவில்லை.

இப்படியே இருந்தால் அம்மாவின் உடம்பு என்ன ஆகும்?

அப்பா இசக்கிமுத்து வேலை முடிந்து வந்ததும், அனுசுயா அவரை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

“இப்பமே கடைக்குப் போவோம். சக்கர நாற்காலி வாங்கிருவோம். அவ ராணி மாதிரி உக்காந்துக்கிடட்டும்.”

“அது நம்ம பாத்ரூம் கதவுக்குள்ள போகுமாப்பா?”

அப்பா கதவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

அனுசுயா அம்மாவின் தையல் நாடாவை எடுத்துக் கதவின் அகலத்தை அளந்தாள். அளவைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, நாடாவோடு கிளம்பினாள்.

கடையில் பளபளவென்று நின்ற ஒரு சக்கர நாற்காலியில் அப்பா ஏறி உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றி, அலமாரியில் ‘டொம்’ என்று மோதினார்.

“ஏனுங்க, உங்களுக்குங்களா?” என்று கேட்டார் கடைக்காரர் தங்கராஜ்.

“அம்மாவுக்கு” என்ற அனுசுயா நாடாவை நாற்காலியின் குறுக்கே பிடித்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். “போகாதுப்பா. வெளியவே நின்னுரும்.”

அடுத்து, கைப்பிடி வைத்த நாலுகால் வாக்கர் ஒன்றை அளந்தாள். கதவைவிடக் கொஞ்சம் குறுகல்தான்! ஆனாலும் மனம் ஆறவில்லை.

“அங்கிள், இது சறுக்காதா?”

தங்கராஜ் வாக்கரைக் கவிழ்த்து, கால்களில் மாட்டியிருந்த ரப்பரைக் காட்டினார். “நாலு காலும் நல்லா ஊனி நிக்கும் கண்ணு. ஈரத்துல மட்டும் சூதானமா இருக்கோணும். கையத் தொங்கப் போட்டா மணிக்கட்டு எங்க வருதோ, அங்க கைப்பிடி வரோணும். இந்தப் பட்டனை அமுக்கி ஏத்தி இறக்கிக்கலாம். பொருந்தலீன்னா கொண்டாங்க, மாத்தித் தாரேன்.”

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாக்கரைத் தன் மணிக்கட்டுக்குச் சரியாக ஏற்றி வைத்தார்.

“எப்பா, கால் உங்களுக்கா ஒடிஞ்சிருக்கு?”

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். அனுசுயா அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்து நாலு கால்களையும் இறக்கினாள். பாத்ரூம் வரைக்கும் தரையைத் துடைத்துக் காயவிட்டாள்.

“வேண்டாம்ட்டி, விழுந்துருவேன்.” அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பின்னாலயே வாரேம்மா.”

அம்மா எழுந்து, வாக்கரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, அழுத்திப் பிடித்து ஒரு காலால் தத்தினாள். நின்றாள். மறுபடி தத்தினாள். அனுசுயா தொடாமல், ஆனால் கைகளை நீட்டியபடியே பின்னால் போனாள். எட்டிப் பார்த்த அந்தோணிராஜ் மாமாவும் மூச்சுவிடவில்லை.

இடிக்காமல் வாக்கர் கதவைக் கடந்தது. உள்ளே போன அம்மா சுவரைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன எல்லாரும் தேர் பாக்க வந்த மாதிரி நிக்கிய? போங்க அந்தப் பக்கம்!”

“எம்மா, தாழ்ப்பாள் மட்டும் போடாத!”

“போடலட்டி. நீ மொதல்ல தள்ளிப் போ!”

கதவு ‘படார்’ என்று மூடிக்கொண்டது. மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அம்மாவின் திட்டு இவ்வளவு இனிக்கும் என்று அனுசுயாவுக்கு அன்றுதான் தெரிந்தது.