ஓடைக்குள் விழுந்த ஸ்டீயரிங் பம்ப்

"பொங்கலுக்குள்ள இந்த வண்டிய நீயே மலையேத்தி எறக்கிக் காட்டு. இல்லீன்னா சாவியக் கல்யாண மண்டபத்துக்காரன்கிட்டக் குடுத்துருவேன். வாசல்ல நிறுத்தி மாப்பிள்ளை பொண்ண போட்டோ புடிச்சுக்கட்டும்!"

அண்ணன் சென்னியப்பன் இப்படிச் சொன்னதும் குணவதிக்குக் காது சூடேறியது.

"காட்டறேன்! வண்டிக்குள்ள நீங்களும் உக்காரோணும்!" என்றாள்.

அந்த நீல நிற அமெரிக்கக் கார் அறுபதுகளில் அவர்களுடைய அப்பா வாங்கியது. பொள்ளாச்சியில் எல்லோரும் அதைத் 'திமிங்கலம்' என்பார்கள். குணவதி ஓட்டப் பழகியது அதில்தான். இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது தோளில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அந்தக் கையால் எதையும் அழுத்தி இழுக்க முடியாது. ஆனால் திமிங்கலத்துக்குப் பவர் ஸ்டீயரிங் இருந்தது. ஒரு கையால் திருப்பிவிடுவாள். போன மாதம் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து வால்பாறைக்கு ஓட்டிப்போகும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில், ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் பம்ப் நின்றுபோனது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது! முன்சக்கரம் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அண்ணன் அந்தக் காரில் ஏறவே இல்லை.

மெக்கானிக் நாச்சிமுத்து பம்ப்பைக் கழற்றிப் பிரித்தான். உள்ளே சுழலும் தண்டு இரண்டாக முறிந்து கிடந்தது.

"பத்து நிமிசத்துல புதுசு வாங்கிப் போட்டறலாங்க்கா."

அந்தப் பத்து நிமிடம் மூன்று வாரமாக நீண்டது! கோயம்புத்தூரில் கடை கடையாக ஏறினார்கள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "இந்த வண்டியெல்லாம் இன்னும் ஓடுதுங்களா?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார். சென்னைப் புதுப்பேட்டையில் ஒருவர் சத்தியம் செய்து கொடுத்த பம்ப், ஒரு டிராக்டருக்குக்கூடப் பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டியை ஆசையாகத் திறந்தால், உள்ளே லாரி பம்ப்!

"எனக்கு வர்ற கோபத்துக்கு இந்தப் பெட்டிய யாரு தலையில போடறதுன்னு தெரியல!" என்று கத்தினாள் குணவதி.

அப்போது அண்ணன் மகள் சிந்துஜா செல்போனோடு ஓடிவந்தாள். "அத்தை! இதப் பாருங்க!"

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் யாரோ எடுத்துப் போட்ட படம். செடிகொடிக்குள் பாசி படர்ந்து ஒரு கார் கிடந்தது. அந்தப் பின்விளக்கு... திமிங்கலத்தின் அதே பின்விளக்கு!

சிந்துஜா தோட்டத்து முதலாளியைத் தேடிப் பிடித்துப் பேசினாள். பழைய மேனேஜர் ஓட்டிப்போய்ச் சரிவில் விட்ட வண்டியாம். "வேணுங்கறதக் கழட்டிக்குங்க. யானை இருக்குது, இருட்டறதுக்குள்ள வெளிய வந்துருங்க" என்றார் அவர்.

மறுநாளே குணவதியும் சிந்துஜாவும் நாச்சிமுத்துவும் ஜீப்பில் கிளம்பினார்கள்!

தோட்டத்து எல்லையில் பாதை முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. வேட்டியை மடித்துக் கட்டிய நாச்சிமுத்துவின் கால்களில் அட்டைகள் வரிசையாக ஏறின. அவன் ஒன்றைப் பிடுங்கும்போது இரண்டு ஏறின.

"உப்பு எங்க?" என்றாள் குணவதி.

"ஜீப்லயே வெச்சுட்டங்க்கா."

"ஸ்பேனராவது கொண்டாந்தயா?"

"அது இருக்குதுங்க. ஒண்ணு மட்டும் சைஸ் கொஞ்சம் மாறி..."

குணவதி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

கார் கிடந்த இடம் செங்குத்தான சரிவு. கீழே ஓடை இரைந்தது. ஒரு சவுக்கு மரம் மட்டுமே காரை விழாமல் தாங்கிக்கொண்டிருந்தது. துருவேறிய பானெட்டை நெம்பித் திறந்ததும் உள்ளிருந்து குளவிகள் சீறின. மூவரும் சேற்றில் படுத்தார்கள். குளவிகள் அடங்கிய பிறகு எட்டிப் பார்த்தால்... பம்ப் இருந்தது!

"கெடைச்சுருச்சு அத்தை!" சிந்துஜா கத்தினாள்.

"பத்து நிமிசம்!" என்றான் நாச்சிமுத்து.

முன்பக்க போல்ட்டுகள் கழன்றன. பின்பக்கம் ஒன்று மட்டும் அசையவில்லை. எஞ்சினுக்கும் பம்ப்புக்கும் இடையில், கண்ணுக்கும் தெரியாமல் கைக்கும் எட்டாமல் ஒளிந்திருந்தது. எண்ணெய் விட்டார்கள், தட்டினார்கள், திட்டினார்கள். நாச்சிமுத்துவின் விரல் முட்டி தோலுரிந்ததுதான் மிச்சம்.

திடீரென்று சிந்துஜா அத்தையின் தோளைப் பிடித்தாள். "சத்தம் போடாதீங்க."

புதருக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. யானை! அதன் கால்களுக்கிடையே ஒரு குட்டி!

"உள்ள ஏறுங்க! காருக்குள்ள!" என்றாள் குணவதி மெல்லிய குரலில்.

கதவு போன ஓட்டை வழியாக மூவரும் உள்ளே புகுந்து சுருண்டார்கள். யானை அருகே வந்தது. அதன் மூச்சு கேட்டது. பிறகு, சாவகாசமாக, பின்தொடை அரிப்பைக் காரின் பின்முனையில் தேய்க்கத் தொடங்கியது! கார் ஆடியது. சவுக்கு மரம் முறுகியது. படார்!

"குதிங்க!" என்று கத்தினாள் குணவதி.

மேட்டுப் பக்கத்துக் கதவு ஓட்டை வழியாக மூவரும் வெளியே உருண்டார்கள். கார் சரிவில் சறுக்கி, பாறைகளில் மோதி, ஓடைக்குள் தலைகீழாக விழுந்தது. அந்த இடிச்சத்தத்தில் யானை பிளிறிக்கொண்டு குட்டியோடு காட்டுக்குள் ஓடியது.

மூவரும் சரிவின் விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு போல்ட்டுதான் இருந்துச்சுங்க்கா" என்றான் நாச்சிமுத்து, அழாத குறையாக.

குணவதி தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு வாரமா நாய் படாத பாடு பட்டு, கடைசில யானை வந்து தள்ளிவிடுது! என்ன பொழப்புடா சாமி இது!" பிறகு சேலையை இழுத்துச் செருகினாள். "வாங்க. எறங்கலாம்."

"தண்ணி வேகமா வருது அத்தை!"

"வரட்டும். கயிற எடு."

கயிற்றை ஒரு பாறையில் கட்டி, வலக்கையால் பிடித்துக்கொண்டு அவளே முதலில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. எஞ்சின் பக்கம் பிளந்து கிடந்தது. பம்ப்பைத் தாங்கிய இரும்புச் சட்டமே உடைந்து, அந்தப் பொல்லாத போல்ட்டோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது! சிந்துஜா ரப்பர்க் குழாயை வெட்டினாள். குணவதி பம்ப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். வெளிக்கூடு நசுங்கியிருந்தது. ஆனால் தண்டைத் திருகிப் பார்த்தபோது, கரகரவென்று முனகிவிட்டு அது சுழன்றது!

பொள்ளாச்சிப் பட்டறையில் அடுத்த போராட்டம் தொடங்கியது. திமிங்கலத்தின் பழைய பம்ப் கூட்டுக்குள் ஓடையில் எடுத்த தண்டைப் பொருத்தினார்கள். மண்வெட்டும் இயந்திரங்களுக்கு ரப்பர்க் குழாய் செய்யும் கடையில், முனைகளை அழுத்திப் பொருத்திப் புதுக் குழாய் வாங்கினார்கள். எஞ்சினை முடுக்கியதும் பம்ப் நாய்போல ஊளையிட்டது. மூடி தெறித்து, சிவப்பு எண்ணெய் நாச்சிமுத்துவின் முகமெல்லாம் வழிந்தது.

"உள்ள காத்து நிக்குது. எஞ்சின நிறுத்துங்க" என்றாள், செல்போனில் தேடிப் படித்த சிந்துஜா. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பினாள். எண்ணெய்த் தொட்டியில் குமிழிகள் பொங்கின. சலிக்காமல் திருப்பினாள். குமிழிகள் அடங்கின. மறுபடி எஞ்சினை முடுக்கினார்கள். ஊளை இல்லை!

குணவதி ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தொட்டாள். அவ்வளவு பெரிய கார் ஒரு கைக்குப் பணிந்து திரும்பியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிக்கு முந்தின நாள் காலை, திமிங்கலம் மலையேறியது. பக்கத்தில் சென்னியப்பன்; பின்னால் சிந்துஜாவும் நாச்சிமுத்துவும். வளைவுக்கு வளைவு, தன் பக்கம் இல்லாத பிரேக்கை அண்ணன் காலால் மிதித்தார்.

"மெதுவா குணா! ஹாரன் அடி! பஸ் வருது!"

"அண்ணா, செத்த சும்மா வாங்க!"

சுவரை உரசிய அதே வளைவு வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். திமிங்கலம் வழுக்கிக்கொண்டு வளைந்து மேலே ஏறியது. "வந்தாச்சு!" என்று பின்னால் இருவரும் கூவினார்கள்.

உச்சியில் டீக்கடையருகே நிறுத்தினாள். சென்னியப்பன் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நீ போயிட்டீன்னே நெனைச்சேன் குணா" என்றார் மெல்ல. "அதனாலதான் வண்டியத் தொலைச்சர்றதுன்னு நின்னேன்."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுங்ணா. இப்பக்கூடத்தான்."

பயத்தை ஒளித்து வைத்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். சொல்லிவிட்டால் பாதி இறங்கிவிடும். மீதியைச் சரிசெய்ய ஸ்பேனர் இருக்கிறது.

சென்னியப்பன் கார் சாவியை உருவித் தங்கையின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு, "எறங்கறப்பவும் நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ சொல்லப் போனார்.