அதே கண்

காலையில் இருட்டறையைத் திறந்ததும் பேட்ரிசியா பார்த்தது அந்த நாற்காலியைத்தான். மறுபடியும் உயர்ந்திருந்தது.

முந்தின நாள் மாலை, விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவைத் துடைத்து, தாடை வைக்கும் இடத்தில் புதுத் தாள் வைத்து, எதிரில் உள்ள நாற்காலியைக் கடைசி வரை இறக்கிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். இப்போது அது உச்சியில் நின்றது. குள்ளமானவர்களுக்காக ஏற்றும் உயரம். உட்காருகிறவர்களின் கால் தொங்காமல் இருக்க ஒரு குட்டி மர ஸ்டூல் மூலையில் எப்போதும் கிடக்கும்; அதுவும் நாற்காலிக்கு அடியில் வந்திருந்தது. ஏசியின் ஈர வாடைக்கும் ஸ்பிரிட் நெடிக்கும் நடுவே, மெல்லிசாக ஜாதிமல்லி வாசம்.

"நாற்காலிய நீங்க ஏத்துனீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

"நான் தொடலையே" என்றான் பெனடிக்ட், திரும்பிப் பார்க்காமல்.

அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. தில்லை நகரில் இருந்த அந்தக் கண் பரிசோதனை மையம் அவனுடையது; படம் எடுக்கும் வேலை அவளுடையது. ஈஸ்டர் முடிந்து கல்யாணம். இதோ கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. அன்பானவன்தான். சாப்பாட்டில் ஒரு குறை சொன்னதில்லை. பொன்மலையில் இருக்கும் அவள் அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க மறந்ததில்லை. ஆனால் பேசும்போது அவன் பார்வை அவள் நெற்றியிலோ தோட்டிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். ஊரார் கண்ணையெல்லாம் ஆழம் வரை பார்க்கிறவன், கட்டியவள் கண்ணை மட்டும் பார்த்ததில்லை.

காரணத்தை வரவேற்பில் இருக்கும் ரோஷன் பேகம்தான் சொன்னாள். "நீங்க போனப்புறம் சார் தினம் லின்சி அக்கா படத்தத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மூஞ்சிப் படம் இல்லீங்க, கண்ணு உள்ள எடுத்த படம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, என் வேலை போயிரும்."

லின்சி அவனுடைய முதல் மனைவி. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும் நோய் அவளுக்கு. முதலில் ஓரங்கள் போயின. கடைசியில், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேர்ப்பார்வை மட்டும் மிஞ்சியது. சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் வந்த பஸ் அவள் கண்ணில் படவேயில்லை.

மதியம் பேட்ரிசியா அந்தப் படத்தைத் திறந்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதற்குள் நரம்பு நுழையும் இடத்தில் மஞ்சளாய் ஒரு சின்ன வட்டம். அங்கிருந்து வேர் வேராகப் பிரியும் ரத்தக் குழாய்கள். கேமராவோடு இணைத்திருந்த ஏஐ அதன்மேல் நரம்பு நன்றாக இருக்கும் இடத்தில் பச்சையும், மெலிந்த இடத்தில் சிவப்பும் பூசியிருந்தது. பச்சை கொஞ்சம்தான். முகமில்லை, சிரிப்பில்லை. சேலை கட்டிப் பூ வைத்து இதோடு எப்படிப் போட்டி போடுவது?

அன்றைக்கென்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்தார். பேகம் அவருடைய படத்தைத் தவறுதலாக அவர் தங்கை பெயரில் சேர்த்துவிட, திரை உடனே சிவந்தது. 'இது வேறு கண்.'

"கண்ணுக்குள்ள இருக்கிற ரத்தக் குழாய் கைரேகை மாதிரி மாமி, ஆளுக்கு ஆள் மாறும். பழைய படத்தோட ஒத்துப் பார்த்து இதுவே கண்டுபிடிச்சிரும்" என்றாள் பேட்ரிசியா.

"அடி அம்மா! நானும் அவளும் வேறன்னு இந்த டப்பாவுக்குத் தெரியறது. எங்காத்து மாமாவுக்கு இன்னும் தெரியலை. ஃபோன்ல அவ ஹலோன்னா, நான்னு நெனச்சுண்டு திட்டறார்!"

பேகம் விழுந்து விழுந்து சிரித்தாள். பேட்ரிசியா சிரிக்கவில்லை.

பழைய படத்தை அழிக்க முடியாது. ஆனால் அதே பெயரில் புதுப் படம் சேர்த்தால், திறந்ததும் அதுதான் முதலில் வரும். அவன் லின்சியைத் தேடும்போது இவள் கண் வந்து நிற்கட்டும். கோபப்படட்டும், அழட்டும். ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

சாயங்காலம் பேகம் டீ வாங்கப் போனதும் அந்த உயர்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். நெட்டையான உடம்பு, முழங்கால் மேசையில் இடித்தது, முதுகை வளைத்துக் குனிய வேண்டியிருந்தது, கால் தரையில் அழுந்தி நின்றது. ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்து அடங்கியது. லின்சியின் பெயரில் சேர்த்தாள். திரை சிவக்கும், எப்படியும் சேர்த்துவிடலாம் என்று விரலைத் தயாராக வைத்திருந்தாள்.

திரை பச்சையானது.

'அதே கண். முன்பைவிட நரம்பு மெலிந்திருக்கிறது.'

மெஷின் கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். கே.கே. நகர் வீட்டுக்கு ஓடினாள்.

இரவு பெனடிக்ட் ஜாதிமல்லியோடு வந்தான். அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணுக்குள் பார்த்தான். "ஏம்மா கலங்கியிருக்கு? நேரத்தோட தூங்கக் கூடாதா?"

அந்தக் குரலை அவள் கேட்டதேயில்லை. அந்த ஒரு பார்வைக்கு உடம்பெல்லாம் இளகிப்போயிற்று. இது தனக்கு வந்த குரலா, வேறொருத்தியுடையதா என்று மனசு கேட்டது. யாருடையதாக இருந்தால் என்ன, இப்போது பார்ப்பது என்னை அல்லவா என்று அதன் வாயை அடைத்தாள்.

இரண்டே நாளில் அவன் பார்வை மறுபடி தோட்டுக்கு நழுவியது. அவள் மறுபடி கேமரா முன்னால் உட்கார்ந்தாள். மறுபடி பச்சை. மறுபடி பூ. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நரம்பு மெலிகிறது என்று திரை சொல்லச் சொல்ல, அவன் இன்னும் கிட்டத்தில் வந்து பார்த்தான்.

முதலில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வைத்த டம்ளர் கைக்கு அகப்படவில்லை. பார்வை போன ஓரங்கள் கருப்பாக இல்லை. அங்கே சுவர் இருந்தது, திரைச்சீலை இருந்தது. திரைச்சீலைக்கு முன்னால் யாரோ நின்றார்கள். குட்டையாக. திரும்பினால் இல்லை. நேராகப் பார்த்தால் ஓரத்தில் மறுபடி. நேற்று நின்ற இடத்தைவிடக் கொஞ்சம் கிட்டத்தில்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்குங்க. என் கண்ண டெஸ்ட் பண்ணுங்க. என் பேர்ல. கல்யாணமான புதுசுல எடுத்த படம் இருக்குல்ல, அதோட ஒத்துப் பாருங்க."

"வா" என்றான் பெனடிக்ட்.

மையம் பூட்டியிருந்தது. வெளியே நல்ல வெயில். இருட்டறையில் நாற்காலி உச்சியில். அவள் ஏறி உட்கார்ந்து தாடையை வைத்தாள். வெளிச்சம் அடித்தது.

'பேட்ரிசியா. இது வேறு கண்.'

சிவப்பு அறை முழுவதும் பரவியது.

"இன்னொரு தடவை எடுங்க. நான்தான் இது. என்னப் பாருங்க!"

அவன் பார்த்தான். அவள் ஆசைப்பட்டதுபோலவே. வேறெங்கும் பார்க்காமல். குழாய் வழியே தெரிவதுபோல, அவன் முகம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. கன்னத்தில் கண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தான்.

ஓரத்தில் இப்போது யாரும் நிற்கவில்லை.

எழுந்துவிட வேண்டும். உடனே. அப்போதுதான் உறைத்தது. அவள் குனியவில்லை. முதுகு வளையவில்லை. முழங்கால் இடிக்கவில்லை. கண் கேமராவுக்குச் சரியாக எதிரே இருந்தது.

கால்கள் தரையைத் தேடின.

எட்டவில்லை.

இன்னும் நீட்டினாள். வெறும் காற்று.

"இருடா" என்றான் அவன், மெதுவாக. குனிந்து, மூலையிலிருந்த குட்டி ஸ்டூலை அவள் காலடிக்குத் தள்ளினான். அவளைக் கேட்காமலே இரண்டு பாதங்களும் அதில் இறங்கி, பழகிய இடத்தில் உட்கார்ந்தன.