உயிரோடிருப்பவர்களின் பக்கம்

காலையில் சோளக் களி பரிமாறிய சமையற்காரி பரஸ்கேவாவின் பெயர், கணினித் திரையில் இறந்தவர்களின் பக்கத்தில் இருந்தது.

திபேரியு அதை மாற்றினான். கண்ணெதிரே அது நழுவி மறுபடியும் அங்கேயே போனது.

அந்தக் கன்னியர் மடத்தில் ஏழு கணினிகள். ஊர் ஊராகப் பக்தர்கள் சொல்லும் பெயர்களை, உயிரோடிருப்பவர்களை ஒரு பக்கமும் இறந்தவர்களை மறுபக்கமுமாக அவற்றில் பதிவார்கள். வழிபாட்டில் குருவானவர் அந்தப் பெயர்களை வாசிப்பார். தானாகப் பரவும் வைரஸ் ஒன்று ஏழிலும் புகுந்திருந்தது. அதை அகற்றத்தான் அவனை அழைத்திருந்தார்கள். உயிரோடிருப்பவர்களின் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவன் மனைவி ஸ்மராந்தாவின் பெயரும் இருந்தது.

விஷயம் கேட்ட பரஸ்கேவா சிரித்தாள். "செத்தவ கையால இன்னொரு கரண்டி வாங்கிக்கிறியா தம்பி?"

ஈர மரமும் மெழுகும் மணக்கும் அறைகளில், சமையலறையில் அகப்பை சுரண்டும் ஓசையைக் கேட்டபடி, கணினிகளை இணைக்கும் எல்லா வயர்களையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் இருந்ததை அழித்து, வைரஸ் இல்லாத பிரதியை ஏற்றினான். ஏழும் முடியும்வரை எதையும் இணைக்க வேண்டாமென்று மடத்துத் தலைவி அன்னை யூப்ரோசினாவிடம் கெஞ்சியிருந்தான். ஆறு முடிந்தன.

அகப்பையின் ஓசை நின்றது.

போய்ப் பார்த்தான். பரஸ்கேவா அடுப்போரம் சாய்ந்திருந்தாள். களி கருகிக்கொண்டிருந்தது. மூச்சு இல்லை.

அவள் கண்களை மூடிவிட்டுத் திரும்பி வந்தான். எல்லாத் திரைகளிலும் பெயர்கள் இறந்தவர்களின் பக்கத்துக்கு நழுவிக்கொண்டிருந்தன. வயர்கள் மறுபடி செருகப்பட்டிருந்தன.

சமையலறையில் நடந்ததைச் சொன்னான். அன்னை சிலுவைக் குறி போட்டு அழுதார். "நாந்தான் செருகினேன். பிள்ளைக்கு ஆபரேஷன்னு ஒரு தாய் போன்ல அழுதாப்பா. பேரைப் பதியாம எப்படி இருக்கறது?"

அவனால் கோபப்பட முடியவில்லை. ஸ்மராந்தாவுக்காகவும் அவர் அதைத்தான் செய்திருப்பார். அவள் பெயர் இன்னும் நகரவில்லை. மின்சாரத்தையே நிறுத்தினான்.

"காகிதத்துல எழுதுங்கம்மா. அவ பேரை மட்டுமாவது."

அவர் தாளின் நடுவே கோடு கிழித்தார். கண்களை மூடி, ஸ்மராந்தாவுக்கு நலம் தாரும் ஆண்டவரே என்று முணுமுணுத்தபடி எழுதத் தொடங்கினார்.

பேனா கோட்டைத் தாண்டியது.

ஸ்மராந்தா. இறந்தவர்களின் பக்கம்.

அவர் மணிக்கட்டைப் பற்றினான். சில்லென்றிருந்தது. பேனா நிற்கவில்லை. உதடுகள் நலம், நலம் என்று உருகி வேண்டிக்கொண்டிருக்க, கை அதே பக்கத்தில் அடுத்த பெயரை எழுதியது. அதற்கடுத்ததை. அதற்கும் அடுத்ததை.