லேட்டு நோட்டில் முப்பத்தொன்று

"நில்லுங்க!"

குடையை மடக்கிக்கொண்டே பள்ளி வாசலுக்குள் கால் வைத்தவன் அப்படியே நின்றான். முன்முடியிலிருந்து இறங்கிய மழைத்துளி மூக்கு நுனியில் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொட்டியது.

"யாரு... என்னையா?"

"உங்களைத்தான். மணி அடிச்சுப் பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. இதுல எழுதிட்டு உள்ள போங்க."

"நான் ஸ்டூடண்ட் இல்லைங்க. கட்டடத்தைப் பாக்க வந்த என்ஜினீயர். ஹெட்மாஸ்டர் வரச் சொல்லியிருக்கார்."

"ஹெட்மாஸ்டரே போன மாசம் எழுதிட்டுத்தான் போனார். டயர் பஞ்சர்னு. பக்கத்தைக் காட்டட்டுமா?"

அந்தப் பள்ளிக்கூடத்தில் அது நூறு வருஷப் பழக்கம். மணி அடித்த பிறகு வாசலைத் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் லேட்டு நோட்டில் எழுதியாக வேண்டும். மாணவர் என்றால் வகுப்பு, பிரிவு, வருகை எண், காரணம். பெரியவர் என்றால் வேலை, காரணம். பெயர் மட்டும் எழுதக்கூடாது. தாமதமாக வந்தவன் மானமும் போய்விட வேண்டாமே என்று முதல் தலைமையாசிரியர் போட்ட விதியாம். இந்த வாரம் வாசல் டியூட்டி சரித்திர டீச்சருக்கு. எதைக் கேட்டாலும் வருஷம், மாதம், தேதியோடு சொல்வதால் பிள்ளைகள் அவளுக்கு 'தேதி டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுக்கும் அது எட்டியிருந்தது. கோபம் வந்ததில்லை... உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூட.

அவன் பேனாவை வாங்கினான். யோசிக்கவே இல்லை. காரணம் என்ற கட்டத்தில் இரண்டே வார்த்தை எழுதினான். 'பழக்க தோஷம்.'

"என்ன... கிண்டலா?"

"சத்தியமா உண்மைங்க."

நிமிர்ந்து பார்த்தான். ஈர இமைகளுக்கு நடுவே சிரிக்கிற கண்கள்... சிரித்துக்கொண்டே எதையோ ஒளித்து வைக்கிற கண்கள். அவளுக்குத் திட்ட வந்த வார்த்தை பாதியில் மறந்துபோயிற்று. அவன் போன பிறகு நோட்டைக் குனிந்து பார்த்தாள். 'ழ'வின் வால் கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கி, கொக்கி போல வளைந்து நின்றது.

அடக் கடவுளே. இந்த வாலை அவளுக்குத் தெரியும்!

நூற்றாண்டு விழாவுக்கான கண்காட்சி அவள் பொறுப்பு. பள்ளியின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தவளுக்குக் கிடைத்ததெல்லாம் யார் எப்போது திறந்து வைத்தார், யார் தலைமை தாங்கினார் என்கிற கல்வெட்டுச் சங்கதிதான். சீ, இதையா பிள்ளைகள் படிப்பார்கள்? அப்புறம்தான் நூலகப் பரணில் பழைய லேட்டு நோட்டுகளைக் கண்டுபிடித்தாள். வெள்ளம் வந்த வருஷத்தில் ஒரு வகுப்பு முழுக்க ஒரே காரணம்: 'படகு இப்போதுதான் வந்தது.' பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வருஷத்தில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'அப்பாவைச் சம்மதிக்க வைக்க நேரமாகிவிட்டது.' பேருந்துகள் ஓடாத மாதத்தில் நாற்பது பேர், 'நடந்து வந்தோம்.' இதல்லவா சரித்திரம்!

அந்த நோட்டுகளில்தான் அவனையும் கண்டுபிடித்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன், பத்தாம் வகுப்பு பி பிரிவு, எண் முப்பத்தொன்று. ஒரே வருஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று தாமதம்!

'எங்கள் வீட்டுக் கோழி இன்று கூவவில்லை. எங்கள் வீட்டில் கோழியே இல்லை.'

'நான் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். பள்ளிக்கூடம்தான் தூரத்தில் இருக்கிறது.'

'நேற்று எழுதிய காரணமே இன்றும். புதிதாக யோசித்தால் இன்னும் தாமதமாகும்.'

தூசிக்கு நடுவே தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாள். யாராக இருப்பான், இப்போது எங்கே இருப்பான், இன்னும் இப்படித்தான் பேசுவானா... முகம் தெரியாத ஒருவனைப் பற்றி ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? இப்போது அவன் முகத்தோடு வந்துவிட்டான். மூக்கில் மழைத்துளியோடு.

சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்து ஆளை அசரடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை.

அடுத்த பத்து நாளும் அவன் பழைய கட்டடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கட்டிய வருஷம் சொல்கிறேன் பேர்வழி என்று இவளும் பின்னாலேயே போனாள். ஒன்பதாம் வகுப்பின் மாட்டிக்கொண்ட கதவை முழங்காலால் ஓர் இடி இடித்துத் திறந்தான்.

"இந்தக் கதவோட குணம் உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"என்ஜினீயருக்குக் கதவு தெரியாதா?"

"எல்லாக் கதவையும் முட்டியாலதான் திறப்பீங்களா?"

"திறக்க மாட்டேங்கிற கதவை மட்டும்" என்றான், அவளைப் பார்த்துக்கொண்டே. அவள் சட்டென்று கரும்பலகையைப் பார்த்தாள். அதில் பார்க்க எதுவுமே இல்லை.

குரல் வளத்துக்காக 'மைக்' என்று பெயர் வாங்கிய பதினோராம் வகுப்புப் பெண்தான் முதலில் பிடித்தாள்.

"டீச்சர், நேத்து நாலாம் பாடவேளையில ஒரு தேதியைத் தப்பா சொல்லிட்டீங்க. எங்க கிளாஸே ஆடிப்போச்சு. உடம்பு சரியில்லையா... இல்ல வேற ஏதாவதா?"

"வாயை மூடிட்டு அட்டையை ஒட்டு."

வாய் அதட்டியது. காது மட்டும் சிவந்துபோயிற்று. வயது முப்பது ஆகிறது, பதினாறு வயதுப் பெண்ணிடம் மாட்டிக்கொண்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒரு பலகை தயாரானது. ஆள் உயரத்துக்கு, முப்பத்தொன்றின் காரணங்கள் பெரிது பெரிதாக. மேலே தலைப்பு: 'நூறு ஆண்டின் தாமதச் சக்கரவர்த்தி.' மழை ஓய்ந்த ஒரு மாலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, மூடியிருந்த துணியை இழுத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார்! எப்படி?"

அவன் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"இதை எடுத்துடுங்க டீச்சர்."

"ஏன்? கண்காட்சியிலேயே இதுதான் உசத்தி. பிள்ளைங்க உயிரை விடுறாங்க."

"காரணம் கேக்காதீங்க. எடுத்துடுங்க."

"காரணம் இல்லாம எடுக்கறதுக்கு இது உங்க சொந்த டைரி இல்ல சார். பள்ளிக்கூடத்துச் சரித்திரம். நீங்க கட்டடத்தைப் பாருங்க, சரித்திரத்தை நான் பாத்துக்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

மூன்று நாள் வரவில்லை. வந்தால் வரட்டும், நானாகப் போய்க் கேட்க மாட்டேன் என்று இவளும் வீம்பாக இருந்தாள். வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மட்டும் தலை தானாகத் திரும்பித் தொலைத்தது. நான்காம் நாள் அறிக்கை கொடுக்க வந்தவன், தலைமையாசிரியர் அறையிலிருந்து நேராக அவளிடம் வந்தான். தாழ்வாரத்தில் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். வெளியே மழை.

"விழாவுக்கு யாரையெல்லாம் கௌரவிக்கறீங்க?"

"பழைய ஹெட்மாஸ்டர் ரெண்டு பேர். முப்பது வருஷம் பெருக்கிச் சுத்தம் பண்ணின ஆயாம்மா. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிட்டாங்க. ஏன்?"

"அவங்க எங்க அம்மா."

அவள் ஓர் அடி அருகில் வந்தாள்.

"விடிகாலை அஞ்சு மணிக்கு ரெண்டு பேருமா வருவோம். பன்னெண்டு கிளாஸ் ரூம் நான் பெருக்குவேன். பெருக்கறதுக்கு வெக்கப்படல டீச்சர்... அவங்க பையன்னு தெரிஞ்சுடுமோன்னுதான் வெக்கம். பசங்க வர நேரத்துல அம்மா முன் வாசலைக் கூட்டிட்டிருப்பாங்க. நான் பின் வாசல் வழியா வெளிய நழுவி, மணி அடிச்சு அம்மா உள்ள போற வரைக்கும் தெரு முனையில நிப்பேன். அப்புறம்தான் வந்து நோட்டுல எதையாவது எழுதுவேன். சிரிக்கற மாதிரி எழுதினா யாரும் துருவ மாட்டாங்க பாருங்க. வழியில அவங்களைப் பாத்தா எல்லாரையும் போல 'ஆயாம்மா'ன்னுதான் கூப்பிட்டேன். என் வாயால... எங்க அம்மாவை."

திரும்பிக்கொண்டான்.

"நான் முதல் ஆளா பெஞ்சுல உக்காந்திருந்தேன்னு இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டிருக்காங்க. இங்க வந்து அந்த முப்பத்தொன்னைப் பாத்தா... நூத்தி நாப்பத்து மூணு நாள் மகன் எதுக்கு வெளிய நின்னான்னு அவங்களுக்குப் புரிஞ்சுடும். எனக்கு அது ஒண்ணுதான் பயம்."

அன்றே பலகையைக் கழற்றினாள். தான் விழுந்து விழுந்து சிரித்த ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பையன் தெரு முனையில் நின்றிருக்கிறான். இதைக்கூடப் படிக்கத் தெரியாமல் என்னடி சரித்திரம் படித்தாய் என்று மனசு குத்தியது.

மறுநாள் அழைப்பிதழோடு ஆயாம்மா வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. சுவரில் பட்டமளிப்பு உடையில் அவன். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்க பையன் எங்கம்மா படிச்சார்?"

அம்மாவின் பார்வை ஒரு நொடி படத்துக்குப் போய்த் திரும்பியது.

"அவனா... அவன் வேற ஸ்கூல்ல படிச்சான் டீச்சர்."

"நம்ம ஸ்கூல்ல சேக்கலையா?"

"இல்லம்மா. அவன் நல்ல பையன். பெரிய படிப்பு படிச்சவன். நம்ம ஸ்கூல்ல யாரும் அவனைப் பாத்திருக்க மாட்டாங்க."

தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விட்டார். தேதி டீச்சர் அழைப்பிதழைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்து எழுத்தெல்லாம் கலங்கிற்று.

அங்கிருந்து நேராக அவன் அலுவலகத்துக்குப் போனாள். வரைபடங்களுக்கு நடுவிலிருந்து எழுந்தான்.

"பலகையை எடுத்துட்டேன். அதைச் சொல்ல வரல. உங்க அம்மாவைப் பாத்துட்டு வரேன். நீங்க எங்க படிச்சீங்கன்னு கேட்டேன். வேற ஸ்கூல்னு சொன்னாங்க."

அவன் புரியாமல் பார்த்தான்.

"இன்னுமா புரியல? அவங்களுக்கு எல்லாம் தெரியும் சார். அப்பவே தெரியும். உங்களுக்காகப் பதினெட்டு வருஷமா அவங்க மறைச்சுட்டு இருக்காங்க... நீங்க அவங்ககிட்ட மறைக்கறதா நினைச்சுட்டு இருக்கீங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். வரைபடத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவளுக்கு அவன் தலையைத் தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை... கதவு வரை போய்விட்டாள்.

"டீச்சர்... சரித்திரத்தை எடுக்க மாட்டேன்னீங்களே. ஏன் எடுத்தீங்க?"

"ஏன்னா..." என்றாள். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

விழா நாளன்று வானம் வெளுத்திருந்தது. முற்றம் கொள்ளாத கூட்டம். நரைத்த தலைகளும் பின்னல்களும் ஒன்றாக இடித்துக்கொண்டு நின்றன. வாசலில் வரவேற்பில் நின்றிருந்தவள் எட்டிப் பார்த்தாள். முன் வாசல் வழியாக, அம்மாவின் கையைப் பிடித்து அவன் வந்துகொண்டிருந்தான். "ஆயாம்மா! ஆயாம்மா!" என்று பழைய மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மா மெல்ல அவன் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, யாரோ எவரோ போல ஓர் அடி தள்ளி நின்றார்.

அவன் அந்த ஓர் அடியையும் தாண்டிப் போனான்.

"அம்மா."

முற்றத்துக்கே கேட்டது. அம்மா பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"டேய்... எல்லாரும் இருக்காங்கடா."

"இருக்கட்டும்மா. அவங்களுக்குக் கேக்கணும்னுதான் சொன்னேன். எங்க அம்மாங்க இவங்க! நான் இங்கதான் படிச்சேன். பத்தாவது பி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "என்னை மன்னிச்சுடும்மா" என்று அவன் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. "போடா... சின்னப் புள்ளைடா நீ அப்போ" என்று அம்மா சொன்னதும் அப்படித்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் திரும்பினான். தேதி டீச்சரைப் பார்த்தான். இந்த முறை அந்தக் கண்களில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

"இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேம்மா. இவங்களைத்தான்... நான் கட்டிக்கணும்னு ஆசைப்படறேன். இவங்ககிட்ட இன்னும் கேக்கல."

"அட கிறுக்கா! முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட இல்ல கேக்கணும்?"

"உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சும்மா."

'மைக்' வாயைத் திறந்தபடி நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் வரவில்லை. தேதி டீச்சர் அவனைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். நேராகப் போய், அம்மாவின் ஈரக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரமா நிக்கறீங்க. உள்ள வாங்க, உக்காரலாம்" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் மெதுவாக, ஆனால் அவன் காதில் விழுகிற மாதிரி...

"வாங்க அத்தை."