டேப் ஒட்டிய பொத்தான்

லிஃப்டுக்குள் அவள் ஒருத்திதான் இருந்தாள். ஆனாலும் ஆள் அதிகம் என்று எச்சரிக்கும் மணி அடித்தது.

ஏழாம் மாடி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்துவிட்டு, தோளில் ஒரு துணிப்பையோடு ஏறியிருந்தாள். பையில் சாப்பாட்டு டப்பா, குடை, மகளுக்கு வாங்கிய கலர் பென்சில் பெட்டி. இதற்குப் போய் எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட் அலறுகிறதே, அவ்வளவா பெருத்துவிட்டோம் என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. மணி தானாக அடங்கியது. கதவு மூடியது. நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், ஒரு குலுக்கலோடு லிஃப்ட் நின்றுபோனது.

செல்போனில் சிக்னல் இல்லை. இன்டர்காமை அழுத்தினாள்.

"அண்ணே, நான்தான். நடுவுல நின்னுடுச்சு."

"யாரு, லேப் தங்கச்சியா?" கீழே வாசல் பக்கத்துக் கன்ட்ரோல் ரூமிலிருந்து, லிஃப்டுகளைக் கவனிக்கும் அண்ணன் கேட்டார். "பயப்படாதே. மெக்கானிக்கை வரச் சொல்றேன்."

"நாலே காலுக்குப் பாப்பாவோட ஸ்கூல் வேன் வந்துடும்ணே."

"வரட்டுமே. என் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன். என்ன, இன்னிக்குப் புதுசாவா?"

அவளுக்கு உயிர் வந்தது. அடுத்து, டேப்பைக் கிழிக்கும் 'டர்ர்' சத்தம் கேட்டது. அவர் வழக்கம் அவளுக்குத் தெரியும். இன்டர்காமில் பேச வேண்டுமானால் அவர் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும்; விட்டால்தான் இந்தப் பக்கம் பேசுவது அவருக்குக் கேட்கும். இரண்டு கையும் சும்மா இருக்கட்டும் என்று பொத்தானின் மேல் டேப்பை ஒட்டிவிடுவார். "சோம்பேறித்தனத்துக்குக் கண்டுபிடிப்பு வேறயா?" என்று அவளே கேலி செய்திருக்கிறாள். இப்போது அவர் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்கும். அவள் கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

டொக்.

அவளுக்குத் தெரிந்த சத்தம். அவளே கொண்டுவந்து வைத்த சத்தம்.

மனைவி இறந்த பிறகு அண்ணன் வேலை நேரத்தில் தூங்கி வழிந்தார். மேனேஜரிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவமாக இருக்கிறதே என்று அவள்தான் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டை விளையாட்டைத் திறந்து கொடுத்தாள். மேலிருந்து கட்டைகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் மறையும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. தினமும் தன் ஃபிளாஸ்கிலிருந்து அவருக்கு அரை டம்ளர் டீ ஊற்றுவாள். பதிலுக்கு அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். இப்படிப்பட்ட சின்ன உதவிகளில்தான் கடவுள் இருக்கிறார் என்று அவள் நம்பினாள். படுக்கப் போகுமுன் செய்யும் பிரார்த்தனையில் அவருக்காகவும் ஒரு வரி வேண்டிக்கொள்வாள்.

டொக். டொக். ஒரு வரிசை மறையும்போது வரும் மூன்று சுரங்கள். மறுபடி டொக்.

"இருக்கேன் தங்கச்சி, பயப்படாதே," என்றார் அண்ணன், வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவரின் குரலில்.

மேல் மூலையிலிருந்த கேமராவைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் மேசைக்கு இடப்பக்கத் திரையில் அவள் முகம் தெரியும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மழை பெய்து முடிந்தபின் கட்டடத்தின் அடித்தளத்தில், வெகுநாள் தேங்கிய தண்ணீரும் துருவும் ஈரச் சிமென்ட்டும் கலந்து வருமே, அந்த வாடை. அவள் நகரவில்லை. ஆனால் காலுக்கடியில் லிஃப்ட் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, பின்னால் நிற்கும் ஒருவர் கால் மாற்றி நின்றதுபோல. பிடரியில் சில்லென்று காற்று பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

திரும்பினாள். யாரும் இல்லை.

"கடவுளே," என்று கண்ணை மூடினாள். லிஃப்ட் ஒரு விரற்கடை மேலே எழும்பியது. பாரம் இறங்கினால் எழும்புமே, அப்படி. கதவு திறக்கவே இல்லை.

இன்டர்காமில் அண்ணன் சொன்னார்: "அட, வந்துட்டியா? கதவு தொறந்துக்கிச்சா?"

"தொறந்துடுச்சுண்ணே," என்றது அவர் அருகிலிருந்து ஒரு குரல்.

அவளுடைய குரல்.

"நல்லதாப் போச்சு. மெக்கானிக்குக்கு இன்னும் போனே போடலை. இந்த ஆட்டம் முடியட்டும்னு இருந்தேன்."

அவள் கத்தினாள். கதவை அடித்தாள். கீழே டேப் ஒட்டியபடியே இருந்தது.

கட்டைகள் வேகமாக விழத் தொடங்கின. டொக்டொக்டொக். அடுக்கு உச்சியை நெருங்கும்போது வரும் படபடப்பு இசை. இந்த இடத்தில் அவர் எப்போதும் தோற்றுவிடுவார். தோற்றால் நிமிர்வார். நிமிர்ந்தால் பார்ப்பார். வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொருவர் தோற்க வேண்டும் என்று அவள் பிரார்த்தித்தாள்.

"பதறாதீங்கண்ணே," என்றது அவள் குரல், அவள் என்றோ சொல்லிக்கொடுத்த அதே கனிவோடு. "நீளக் கட்டை வருது. இடது ஓரத்துல விடுங்க."

டொக். சுரங்கள் அடுக்கடுக்காக ஏறின. நான்கு வரிசைகள் மறைந்தன.

"உன் வாய் முகூர்த்தம் தங்கச்சி!" அண்ணன் சிரித்தார்.

இன்டர்காமில், வாசலில் வந்து நின்ற வேனின் ஹாரன் சத்தம். சின்னச் செருப்புகள் ஓடி வந்தன.

"அம்மா!"

"பாப்பா! அது நான் இல்லடி! கிட்ட போகாதே!" தொண்டை கிழிந்தது. முஷ்டி தோலுரிந்தது.

கீழே சின்னச் செருப்புகளின் சத்தம் சட்டென்று நின்றது.

"அம்மா, உன் கை ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு?"

டொக். டொக்.

"ஏம்மா ஈரமா இருக்கே?"

"மாமா." குழந்தையின் குரல் இறங்கிவிட்டது. "மாமா, அம்மாவைக் கொஞ்சம் பாருங்களேன்."

டொக்.

"பாத்தேன் பாப்பா, பாத்தேன்," என்றார் அண்ணன்.

டொக். டொக். கட்டைகள் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"வீட்டுக்குப் போலாம் வா," என்றது அவள் குரல். இரண்டு ஜோடிச் செருப்புகள் நடந்தன. ஒன்று இழுபட்டுக்கொண்டே போனது.

"அந்த லிஃப்டை ஆஃப் பண்ணிடறேன். நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அந்த வாடை மறுபடி எழுந்தது. காலடியில் லிஃப்ட் மெல்லத் தாழ்ந்தது.

கரன்ட் இல்லாத இருட்டில், ஆள் அதிகம் என்று எச்சரிக்கும் அந்த மணி அடிக்கத் தொடங்கியது.