மீன்தொட்டிக்கு ஒரு போர்வை

குண்டூசிக்குப் பத்து வயது. ஆள் ஒல்லி, பேச்சு மட்டும் சுருக்கென்று குத்தும். அதனால் அண்ணன் வைத்த பெயர் அது. பெயர் வைத்தவன் ஜூன் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். பெயரும் அவனுடைய மீன்தொட்டியும் குண்டூசியிடம் தங்கிவிட்டன.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். அப்பா பஸ் மெக்கானிக். இருவரும் வீடு திரும்ப ஏழு மணியாகும். குண்டூசி பள்ளி விட்டு, லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் விட்டுப்போனது விட்டுப்போன மாதிரியே வீடு இருக்கும். அவள் குடித்த தம்ளர்கூட நகர்ந்திருக்காது.

அதனால் அவள் மீன்களோடு பேசினாள்.

செருப்பைக் கழற்றும் முன்பே தொட்டி விளக்கைப் போட்டுவிடுவாள். கணக்கு டீச்சர் திட்டியதைச் சொல்லி ஒரு சிட்டிகை தீனி போடுவாள். மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொல்லி இன்னொரு சிட்டிகை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதும் விளக்கை அணைக்க மனம் வராது. பாவம், இருட்டில் தனியாக என்ன செய்யும்?

ஆகஸ்டில் கண்ணாடியில் பச்சைப் பொடி படிந்தது. துடைத்தாள். நாலே நாளில் திரும்பி வந்தது. பிறகு செடிகளின் இலைகளில் நூல் நூலாகப் பாசி தொங்கியது. இலைக்குத் தாடி முளைத்த மாதிரி இருந்ததைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது. தாடிக்குள் இலையே காணாமல் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்து தொட்டியைக் காட்டச் சொன்னான். அன்று காலை துடைத்து வைத்த ஒரு மூலையை மட்டும் காட்டினாள். ரொம்ப நன்றாக வைத்திருக்கிறாய் என்று அவன் பாராட்டினான். குண்டூசிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அப்பா தொட்டிக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கொடுத்துடலாம்மா. மீனுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்."

"ஒரே ஒரு வாரம் டைம் கொடுங்கப்பா."

அப்பா சரியென்றார்.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் குண்டூசி தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அன்று பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே கிடந்த மரக்கட்டையின் நிழலில் ஒரு சின்னச் செடி இருந்தது. அதில் மட்டும் தாடி இல்லை. கையை விட்டு ஒரு கல்லைப் புரட்டினாள். மேலே பச்சை, அடியில் சுத்தம். எங்கே பாசி அதிகம் என்று தேடினாள். வழக்கமாகத் தீனி போடும் மூலையில், விளக்குக்கு நேர் கீழே, தரையே தெரியாத அளவுக்கு அடர்ந்திருந்தது. மீன்கள் தின்னாமல் விட்ட தீனி அங்கேதான் விழுந்து கரைந்திருந்தது.

"மீனுக்குப் போடறதா நினைச்சுப் பாசிக்கு விருந்து வெச்சிருக்கேன்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உடனே அண்ணனுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், அந்த ஒரு மூலையைக் காட்டியது உட்பட. அவன் திட்டப் போகிறான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. நிழலில் பாசி வரவில்லையே, அப்படியானால் தொட்டியையே போர்வை போட்டு மூடினால் என்ன, செடியும் மீனும் தாங்குமா என்று கேட்டாள்.

"மூணு நாள் தாங்கும். தீனிகூட வேண்டாம். ஃபில்டரை மட்டும் நிறுத்திடாதே" என்றான் அண்ணன். பிறகு, "மீனைப் பத்திக் கவலையில்ல. நீ தாங்குவியா?" என்று கேட்டான்.

"பார்க்கலாம்" என்றாள் குண்டூசி.

அப்பா வந்ததும் இருவருமாகக் கைக்கு வந்த பாசியை உருவி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினார்கள். பிறகு தடிமனான போர்வையால் தொட்டியைச் சுற்றிக் கட்டினார்கள்.

புதன்கிழமை வீடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. போர்வைக்குள்ளிருந்து ஃபில்டரின் சத்தம் மட்டும் வந்தது. ஓரத்தைத் தூக்கி ஒரே ஒரு தடவை பார்க்கலாமா என்று தோன்றியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை அதுவும் முடியவில்லை. கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

எட்டுப் படி கீழே, அதே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாடியில் இருப்பவள். அவள் அம்மா தையல் கடையிலிருந்து ஐந்து மணிக்குத்தான் வருவாராம். வீட்டுக்கு ஒரே சாவியாம். பள்ளி திறந்த நாளிலிருந்து தினமும் இதே படியில்தான் காத்திருக்கிறாளாம். லிஃப்டில் ஏறி இறங்கிய குண்டூசிக்கு இது தெரியவே தெரியாது.

"உனக்கும் சாவி இல்லையா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சாவி இருக்கு. உள்ள பேச ஆளில்ல. மீனுக்கெல்லாம் போர்வை போத்தி வெச்சிருக்கேன்."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், குளிருதாமா?"

குண்டூசி சிரித்துவிட்டாள். எட்டுப் படியும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பாசியின் கதையை முதலிலிருந்து சொன்னாள். ஐந்து மணி ஆனது இருவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை குண்டூசி அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டு அந்தப் பெண்ணை வீட்டுக்குள் கூப்பிட்டாள். ஆளுக்கு ஒரு பக்கமாகப் போர்வையைப் பிடித்து விலக்கினார்கள்.

தாடி வெளுத்துப்போய் நூல் நூலாக உதிர்ந்து கிடந்தது. பின்பக்கக் கண்ணாடியில் இன்னும் கொஞ்சம் பச்சை பாக்கி. ஆனால் இலைகள் இலைகளாகத் தெரிந்தன. உதிர்ந்ததை வலையால் வாரி எடுத்தார்கள். இனி ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் விளக்கு, ஒரு சிட்டிகைதான் தீனி என்று குண்டூசி தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"மொத்தம் எத்தனை மீன்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"பதினொண்ணு."

அவள் விரலை நீட்டி எண்ணினாள். பத்துதான் வந்தது. குண்டூசியும் எண்ணினாள். பத்து. இரண்டு தலைகளும் கண்ணாடியை ஒட்டி நின்றன.

அகலமான ஓர் இலைக்கு அடியிலிருந்து, இப்போதுதான் எழுந்த மாதிரி, மெதுவாக ஒரு மீன் வெளியே வந்தது.

"நில்லுங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்று மீன்களை அதட்டிவிட்டு, அந்தப் பெண் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

குண்டூசி போய் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.